ஆவணம் பார்த்துக் கட்டிய வீட்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

தொடக்க மடல்

குழுவினருக்கு வணக்கம்.

ஒரே ஒரு சொல்லில் இரண்டு வாரமாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கனடாவின் கிழக்குக் கரையில், கேப் பிரெட்டன் தீவில் உள்ள லூயிஸ்பர்க் கோட்டை நகரத்தைப் பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். 1713ல் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறிய துறைமுகம் அது. 1745ல் அவர்கள் கையைவிட்டுப் போனது. 1748 உடன்படிக்கையில் திரும்பக் கிடைத்தது. அதே உடன்படிக்கையில்தான் பிரெஞ்சுக்காரர் பிடித்து வைத்திருந்த சென்னைப்பட்டினம் ஆங்கிலேயரிடம் திரும்பியது. ஒரு கையால் சென்னையைக் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொண்ட ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1758ல் மறுபடி போய்விட்டது. 1760ல் ஆங்கிலேயர் மதில்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். வீடுகள் கேட்பாரற்றுச் சிதைந்து, கடைசியில் புல் மூடிய மேடுகள்தான் மிச்சம்.

1961ல் கனடா அரசு அந்த மேடுகளின் மேல் நகரத்தைத் திரும்பக் கட்டத் தொடங்கியது. அந்தப் பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டு வேலை இழந்தவர்களுக்குப் பிழைப்புக் கொடுப்பதும் ஒரு நோக்கம். பழைய நகரத்தில் சுமார் கால் பங்கு இன்று நிற்கிறது: ஆளுநர் இல்லம், படைவீரர் குடியிருப்பு, பொறியாளர் வீடு, அரசரின் ரொட்டிச்சாலை, வணிகர் வீடுகள், சரக்கு வைக்கும் கட்டடங்கள். அடித்தளக் கற்கள் மட்டும் பழையவை. அதற்கு மேல் ஏறக்குறைய எல்லாமே புதிது. ஆனால் மனம்போன போக்கில் கட்டிய புதிது அல்ல. பிரெஞ்சு ஆவணக்களரிகளிலிருந்து சுமார் 7,50,000 பக்கங்களும் 500 வரைபடங்களும் திரட்டி, அகழாய்வில் கிடைத்ததோடு ஒத்துப் பார்த்து, 1740களில் அந்த ஊர் எப்படி இருந்ததோ அப்படிக் கட்டியிருக்கிறார்கள்.

இந்த வேலைக்கு என்ன பெயர்? ‘புனரமைப்பு’ என்று எழுதினேன். படித்துக்காட்டியபோது வீட்டில், “ஓட்டை மாத்தி வெள்ளையடிச்சாங்களா?” என்று கேட்டார்கள். ‘திருப்பணி’ என்றால் கும்பாபிஷேகம் வந்துவிடுகிறது. ‘மீட்டுருவாக்கம்’ என்று மாற்றினேன். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தொலைந்த பொருளைத் தேடி எடுத்த மாதிரி இருக்கிறதே, இங்கே எடுக்க ஒன்றும் இல்லையே என்று உறுத்துகிறது. ‘ஏட்டுக்கட்டு’ என்று ஒன்றைச் சொந்தமாகவும் ஆக்கிப் பார்த்தேன். ஏட்டைப் பார்த்துக் கட்டியது. எப்படி?

அப்புறம் ஒரு வெட்கக்கேடு. பிரெஞ்சில் ‘மகஸேன்’ என்று வரும் இடத்தையெல்லாம் முதல் வரைவில் ‘கடை’ என்று போட்டுவிட்டேன். இன்றைய பிரெஞ்சில் அது கடைதான். 18ஆம் நூற்றாண்டுத் துறைமுகத்தில் சரக்கு வைக்கும் இடம். ‘அரசர் கடையில் மாவு இருந்தது’ என்று மூன்று பக்கம் ஓடிய பிறகுதான் உறைத்தது. இப்போதைக்குக் ‘கிடங்கு’ என்று மாற்றியிருக்கிறேன்.

பதில்: மொழியியல் படிப்பவர்

அண்ணா, ‘மீட்டுருவாக்கம்’ எங்கள் துறைச் சொல். மூலத் திராவிட வடிவங்களை ஊகித்து அமைப்பதை அப்படித்தான் சொல்கிறோம். அப்படி அமைத்த வடிவத்துக்கு முன்னால் ஓர் உடுக்குறி (*) போடுவோம், ‘இதை எந்த ஏட்டிலும் யாரும் பார்த்ததில்லை’ என்று காட்ட. உங்கள் வீடுகளுக்கு நேர் எதிரான நிலை. ஏட்டில் இருக்கிறது, தரையில்தான் இல்லை. அதனால் அந்தச் சொல்லை எங்களுக்கே விட்டுவிடுங்கள்.

‘ஏட்டுக்கட்டு’ வேண்டவே வேண்டாம். ஓர் எழுத்து தவறினால் ‘இட்டுக்கட்டு’.

பதில்: பொதுப்பணித்துறையில் ஓய்வுபெற்றவர், புதுச்சேரி

தம்பி கேட்டது சொல்லைப் பற்றி. நான் முதலில் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். வேலை புரிந்தால் சொல் தானாக வரும்.

பிரெஞ்சு அரசுக் கட்டட வேலையில் மூன்று வகைக் காகிதம் முக்கியம். முதலாவது பொறியாளர் வரைந்து, பிரெஞ்சு அரசவை இருந்த வெர்சாய்க்கு அனுப்பிய படம். இரண்டாவது ஒப்பந்தக்காரரோடு எழுதிய வேலை விவரம்: சுவர் கனம் என்ன, சாந்தில் என்ன சேரும், மரம் எந்த வகை என்று. மூன்றாவதை அவர்கள் ‘துவாசே’ என்பார்கள். வேலை முடிந்த பிறகு பொறியாளர் போய் அளந்து, இத்தனை துவாஸ் (அந்தக் கால அளவு) கல்வேலை, இத்தனை பலகை, கதவுக்கு இத்தனை கீல், பூட்டு, இரும்பு இத்தனை எடை என்று எழுதிக் கணக்குத் தீர்க்கும் ஏடு. நம் துறையில் ‘எம்-புக்’ என்று சொல்லும் அளவுப் புத்தகம் அச்சாக அதுதான். நாற்பது வருடம் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெயிலில் அலைந்தவன் என்பதால் அந்த ஏட்டின் மேல் எனக்குப் பாசம் அதிகம்.

கட்டடத்தைத் திரும்பக் கட்டுபவனுக்குப் படத்தைவிட இந்த ஏடு பெரிது. படம் என்பது ஆசை, பில் என்பது நடந்தது. அந்தக் காலப் பிரெஞ்சுப் பொறியாளர் படங்களில் சிவப்பு பூசியிருந்தால் இருக்கிற கல்கட்டு, மஞ்சள் பூசியிருந்தால் இனிமேல் கட்ட உத்தேசித்தது. நிறம் தெரியாத நகலை வைத்துக்கொண்டு கட்டப் போனால், யாரும் கட்டாத கிடங்கைக் கட்டிவிட்டு வருவோம்.

பில்லையும் முழுசாக நம்பக்கூடாது. அளவைக் கூட்டி எழுதாத ஒப்பந்தக்காரர் எந்தக் கண்டத்திலும் பிறந்ததில்லை. அதனால்தான் மண்ணைத் தோண்டி அடித்தளத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கேயும் ஒரு பொறி. ஏட்டில் 30 அடி என்று இருக்கும். அது பிரெஞ்சு அரசரின் அடி, 32.48 செ.மீ. நம் டேப்பில் அது கிட்டத்தட்ட 32 அடி. ஆறு அடி ஒரு துவாஸ், அதாவது 1.95 மீட்டர். மொழிபெயர்க்கும்போது வெறுமனே ‘அடி’ என்று போட்டுவிடாதீர்கள் தம்பி, அரைச் சன்னல் காணாமல் போகும்.

லூயிஸ்பர்க் சுவர்கள் பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே பொடிந்து விழுந்தது உங்கள் கட்டுரையில் இருக்கும் என்று நினைக்கிறேன். உப்பு ஏறிய கடல்மணலில் சாந்து குழைத்தால் வேறென்ன ஆகும்? அதோடு அங்கே உறைபனி வேறு. சுவருக்கு வெளியே பலகை அடித்துக் காப்பாற்றினார்கள். இப்போது திரும்பக் கட்டியவர்கள் அந்தக் கெட்ட சாந்தையும் அப்படியே குழைக்க முடியுமா? முடியாது. பார்வைக்குப் பழைய மாதிரி, உள்ளே இந்தக் காலத்துச் சரக்கு. உங்கள் சொல் இதை மறைக்காமல் இருக்க வேண்டும்.

துவாசேக்கு ‘அளவேடு’ போதும். ‘எம்-புக்’ என்றும் அடைப்பில் போட்டால் எங்கள் ஆட்கள் சந்தோஷப்படுவார்கள்.

பதில்: யாழ்ப்பாணத்திலிருந்து

‘மீள்கட்டுமானம்’ எண்டு ஒருவரும் இன்னும் சொல்லேல்லை, ஆனால் சொல்லப் போறியள் எண்டு தெரியும். அதனால் முந்திக்கொள்கிறேன். இங்கே அந்தச் சொல்லைக் கேட்டால் யுத்தத்துக்குப் பிறகு வந்த வீட்டுத்திட்டமும் தெருவும்தான் கண்ணுக்குள் வரும். மீள்குடியேற்றம், மீள்கட்டுமானம், புனர்வாழ்வு எல்லாம் ஒரே படிவத்தில் வந்த சொற்கள். அந்த வீடுகளைப் பழைய வீடு மாதிரிக் கட்ட வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை, கூரை வந்தால் போதும் என்றுதான் இருந்தோம். இரண்டும் இரண்டு வேலை. ஒரே சொல்லைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. சுவர் மட்டும் போதாது, வீட்டுக்குள் என்ன இருந்தது என்று எப்படித் தெரிந்தது? அதையும் எழுதுங்கோ தம்பி.

தொடக்க மடல் எழுதியவர்

அக்காவின் கேள்விக்கு முதலில். அதுதான் இந்தக் கட்டுரையிலேயே எனக்குப் பிடித்த பகுதி.

பிரெஞ்சுக் குடியேற்றங்களில் பாரிஸ் வழக்குச் சட்டம் நடந்தது. கணவனோ மனைவியோ இறந்தால் பொதுச் சொத்தைப் பிரிக்க வேண்டும். பிரிக்கும் முன் பட்டியல் வேண்டும். நீதிமன்ற எழுத்தர் வந்து கதவுக்கும் பெட்டிக்கும் முத்திரை வைப்பார். பிறகு ஒருநாள் முத்திரையை உடைத்து, மதிப்புச் சொல்பவர்களைக் கூட்டிக்கொண்டு அறை அறையாக நடப்பார். ‘தெருவைப் பார்த்த அறையில்’ என்று தொடங்கி அடுப்பங்கரை, மேல்மாடி, சரக்கு வைத்த இடம் என்று போகும். ஒடிந்த நாற்காலியும் ஓட்டைக் கெண்டியும்கூட விலையோடு ஏறும். நம் பழைய பத்திரங்களில் ‘தட்டுமுட்டுச் சாமான் ஜாபிதா’ என்று வருமே, அதன் அண்ணன். அந்த எழுத்தர் வீட்டுப் படம் வரைய வரவில்லை. ஆனால் அவர் நடந்த வரிசையை வைத்தே எந்த அறைக்குப் பக்கத்தில் எந்த அறை என்று கண்டுபிடிக்கிறார்கள். ஆளுநர் துகெனெல் 1744 அக்டோபரில் இறந்தார். அவர் பொருள்களின் பட்டியல்தான் ஆளுநர் இல்லத்தைத் திரும்ப நிரப்பக் கைகொடுத்தது. ஒருவர் சாவு, இன்னொருவருக்குச் சான்று.

இந்தக் காகிதங்கள் தப்பியதற்கு ஒரு காரணம் உண்டு. 1776ல் பிரெஞ்சு அரசர், குடியேற்றங்களின் பதிவேடுகளுக்கு ஒரு நகலை வெர்சாயில் வைக்க ஆணையிட்டார். லூயிஸ்பர்க் ஏடுகளும் அங்கே சேர்ந்தன. இன்று அந்தத் தொகுப்பு எக்ஸ்-ஆன்-புரொவான்ஸ் நகரில் இருக்கிறது, புதுச்சேரிப் பதிவேடுகளும் அதிலேயே. ஐயா ஒருமுறை போய் வரலாம்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘மீட்டு’ என்றால் தொலைந்ததைக் கைப்பற்றியது. ‘மீள்’ என்றால் பழையது தானே திரும்பி வந்தது. இரண்டிலும் அதே பொருள்தான் இது என்ற சாயல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘மறு’ அப்படி இல்லை. மறுபதிப்பை முதல் பதிப்பு என்று யாரும் ஏமாந்து வாங்குவதில்லை. ஆனாலும் உள்ளே அதே பாடம் இருக்கிறது. அதனால் ‘மறுகட்டல்’. ‘மறுகட்டு’ என்று சுருக்க ஆசைதான். ஆனால் நம் பக்கத்து வீடுகளில் முதல் கட்டு, இரண்டாம் கட்டு உண்டு. மறுகட்டில் சமையல் நடக்கிறது என்று படித்துவிடுவார்கள்.

ஓட்டிப் பார்த்தேன். ‘1961ல் மறுகட்டல் தொடங்கியது’, ‘மறுகட்டிய ரொட்டிச்சாலை’, ‘மறுகட்டாமல் விட்ட முக்கால் நகரம்’. வினையும் வருகிறது, எச்சமும் வருகிறது. நாக்கில் தடுக்கவில்லை.

ஆனால் மறுகட்டல் எல்லாம் ஒரே தரம் இல்லை. லூயிஸ்பர்க் இருக்கும் நோவா ஸ்கோஷியா மாகாணத்திலேயே போர்ட்-ராயல் என்று ஒரு பிரெஞ்சுக் குடியிருப்பு. 1605ல் கட்டியது, 1613ல் எரிந்தது. அதை 1939–40ல் மறுகட்டினார்கள். கையில் இருந்த முக்கியமான சான்று, அங்கே தங்கியிருந்த பிரெஞ்சு நாடாய்வாளர் ஷாம்ப்லேன் வரைந்து 1613ல் அச்சான ஒரே ஒரு படம். முற்றத்தைச் சுற்றி வீடுகள், எழுத்துக்குறி போட்டுச் சரக்குக் கட்டடம் இது, கொல்லுப்பட்டறை இது என்ற விளக்கம். கூரைச் சட்டத்தை எப்படிக் கோத்தார்கள், கதவுக்குக் கீல் எத்தனை என்று அந்தப் படத்திடம் கேட்க முடியாது. அந்தக் காலத்துக் கட்டடப் பழக்கத்தைப் பார்த்து நிரப்பினார்கள். லூயிஸ்பர்க்கில் அளவேடு பேசுகிறது. இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிவிட்டு நகர்ந்தால் ஏமாற்றுவதாகும். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிமுறையான 1964 வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் பழுதுபார்ப்பு நிற்க வேண்டும் என்கிறது; இடிந்ததை முழுசாக மறுகட்டுவதை அது ஏற்பதே இல்லை. அந்தக் கண்டிப்பில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஆனால் எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று தெரிய வேண்டும். அதனால் ‘சான்றுவழி மறுகட்டல்’, ‘ஊகவழி மறுகட்டல்’ என்று இரண்டு. ஒரே வீட்டில் சுவர் சான்றுவழியும் கூரை ஊகவழியுமாக இருக்கலாம்.

ஞாயிறு வரை மறுப்பு வராவிட்டால் இதையே எழுதிவிடுகிறேன்.

பதில்: மொழியியல் படிப்பவர்

ஊகவழிக்கு முன்னால் எங்கள் உடுக்குறியைக் கடன் தருகிறேன். கூரைமேல் நட்டுக்கொள்ளுங்கள்.

பதில்: புதுச்சேரி

மறுகட்டலுக்கு ஒப்புதல். ‘கிடங்கு’ பற்றி யாரும் பேசவில்லையே? உங்களுடையது கோட்டை நகரம். பழந்தமிழில் கோட்டைக்குப் பக்கத்தில் கிடங்கு வந்தால் அகழி. சிலப்பதிகாரத்தில் மதுரை மதிலைச் சொல்லும் இடத்தில் காவற்காட்டுக்கு அடுத்து வரும் கிடங்கு அகழிதான். லூயிஸ்பர்க்கிலும் அகழி உண்டு. ‘கிடங்கைச் சுற்றி மதில்’ என்று எழுதிவிட்டு நீங்கள் எதைச் சொன்னீர்கள் என்று உங்களுக்கே பிறகு தெரியாது.

தொடக்க மடல் எழுதியவர்

ஐயா, வரைவில் தேடினேன். ‘கிடங்கின் மேல் பாலம்’ என்றே ஓர் இடத்தில் இருக்கிறது. அது நிஜமாகவே அகழி, நான் அறியாமலே சரியாக எழுதியிருக்கிறேன். சரக்கு வைக்கும் கட்டடங்களை எல்லாம் ‘பண்டகசாலை’ ஆக்கிவிட்டேன். வெடிமருந்து வைத்த கட்டடம் மட்டும் பாக்கி. ‘மருந்துப் பண்டகசாலை’ சரியா?

பதில்: யாழ்ப்பாணத்திலிருந்து

இங்கே நாங்கள் களஞ்சியசாலை என்போம், ஆனால் பண்டகசாலையும் விளங்கும். ‘வெடி’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதேங்கோ தம்பி. இல்லாவிட்டால் பனடோல் மாத்திரை வாங்கப் போய்விடுவார்கள்.