திருகோணமலைக்குச் சமூக வானொலி: வட்ஸ்அப் இருக்கும்போது எதற்கு?

உப்புவெளி நேயர்:
நம் மாவட்டத்துக்கென்று ஒரு சமூக வானொலி வேண்டும் என்கிறார்கள். எதற்கு? நிலாவெளி வீதியில் மரம் விழுந்தால் சற்று நேரத்தில் வட்ஸ்அப்பில் படம் வந்துவிடுகிறது. வானொலியில் நேயர் பங்களிப்பு என்பது பாட்டுக் கேட்பதும் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வதும்தானே!

மூதூர்க்காரி:
படம் வருகிறது ஐயா, எந்த வருடத்துப் படம்? 2020 டிசம்பரில் புரெவி புயல் நம் கரையைக் கடந்த இரவில், கடல் ஊருக்குள் வந்துவிட்டதாக ஒரு குரல் பதிவு கைமாறிக்கொண்டே இருந்தது. பேசியவர் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. வானொலி பிழையாகச் சொன்னால் நிலையத்துக்கே போய்ச் சண்டை பிடிக்கலாம்.

கொட்டியாரத்தான்:
கொத்மலையை மறந்துவிட்டீர்கள். 1989இல் தொடங்கிய அந்தச் சமூக வானொலி, யுனெஸ்கோ உதவியுடன் தொண்ணூறுகளின் இறுதியிலேயே இணையத்தை இணைத்துக்கொண்டது. நேயர் கேள்வி அனுப்புவார். அறிவிப்பாளர் இணையத்தில் தேடுவார். விஷயம் தெரிந்த ஒருவரை அருகில் இருத்தி, கேட்பவருக்கு விளங்கும் சிங்களத்தில் ஒலிபரப்பிலேயே பதில் சொல்வார்கள். கணினியைத் தொட்டே பாராத விவசாயிக்கும் இணையம் பயன்பட்டது. கேள்வி நேயருடையது, கவனியுங்கள். வாழ்த்து நிகழ்ச்சி இதன் பக்கத்தில் நிற்குமா?

உப்புவெளி நேயர்:
அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் நிலையம்தானே தம்பி? 1981இல் வந்த மகாவலி சமூக வானொலியும் அப்படித்தான். பெயர் சமூகத்துக்கு, சாவி கொழும்புக்கு.

மூதூர்க்காரி:
அப்படியென்றால் சாவியைக் கேளுங்கள், வானொலியே வேண்டாம் என்காதீர்கள். இந்தியாவில் 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கொடுத்தார்கள். பிறகுதான் பாம்பனில் மீனவர்களுக்கென்று ‘கடல் ஓசை’ பிறந்தது. நம் சம்மாட்டிமாரும் கரைவலைக்காரரும் பேச அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது?

உப்புவெளி நேயர்:
அங்கே சமூக வானொலிகள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப முடியாது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் தங்கச்சி. மீன் விலை சொல்லலாம், துறைமுகத்தில் நடப்பதைச் சொல்ல முடியாது என்றால் அது எனக்கு வேண்டாம்.

கொட்டியாரத்தான்:
மீன் விலை அவ்வளவு சின்ன விஷயமா? விடியற்காலையில் கரையில் நிற்பவனுக்கு, பட்டணத்துச் சந்தையில் கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்தால் முதலாளி சொன்னதற்குத் தலையாட்டமாட்டான். அந்த விலையைச் சந்தையிலிருந்தே ஒருவர் குரல் பதிவாக அனுப்பட்டும். நிலையத்தில் ஒருவர் சரிபார்த்து ஒலிபரப்பட்டும். உங்கள் வட்ஸ்அப்புக்கும் வேலை கிடைக்கும்.

உப்புவெளி நேயர்:
சரிபார்க்கிறவருக்குச் சம்பளம்? வெளிநாட்டு உதவி நின்ற மறுமாதம் யார் கொடுப்பது? அதை முதலில் சொல்லுங்கள், பிறகு நானும் கையெழுத்து வைக்கிறேன்.

மூதூர்க்காரி:
கோயில் திருவிழாவுக்கும் பள்ளிவாசல் கந்தூரிக்கும் வீடு வீடாகச் சேர்க்கிற ஊர் ஐயா இது. உங்கள் வீட்டிலிருந்தே தொடங்குகிறோம்.