இரட்டைக் காபரேற்றரைச் சமன் செய்ய எந்தக் கருவியை வாங்குவது?

கல்லடிவாசி எழுதியது:

அண்ணன்மாருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். என்னிடம் கவாசாகி இசெட்இசெட்ஆர் 250 வண்டி ஒன்று இருக்கிறது. இரண்டு சிலிண்டர், இரண்டு காபரேற்றர் (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்). பல மாதங்கள் ஓடாமல் கொட்டிலில் நின்றதால், சென்ற மாதம் இரண்டு காபரேற்றர்களையும் கழற்றிக் கழுவி, ஜெற்றுகளையும் மிதவைக் கிண்ணத்தின் ரப்பர் வளையங்களையும் மாற்றிப் பூட்டினேன்.

வண்டி இப்போது ஓடுகிறது. ஆனால் மாலை நெரிசலில் கல்லடிப் பாலத்தின் மேல் இரண்டாம் கியரில் ஊர்ந்து போகும்போது, கைபிடி வழியாக ஒரு நடுக்கம் முழங்கை வரை ஏறுகிறது. அக்சிலேற்றரை விட்டதும் எஞ்சின் உடனே ஸ்லோவுக்கு (அக்சிலேற்றர் கொடுக்காதபோது ஓடும் குறைந்த வேகத்துக்கு) இறங்காமல், சற்று நேரம் இரைந்த பிறகுதான் இறங்குகிறது. காலையில் குளிர்ந்த எஞ்சினை இயக்கி, ஒரு நிமிடம் கழித்து இரண்டு எக்ஸோஸ்ற் குழாய்களிலும் விரலால் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். இடப்பக்கக் குழாயில் விழுந்த துளி சீறி மறைந்தது. வலப்பக்கத்தில் விழுந்த துளி உருண்டு ஓடி, நிதானமாகக் காய்ந்தது.

காபரேற்றர்கள் ஒன்றுக்கொன்று சமனாக இல்லை என்று நினைக்கிறேன். நகரில் ஒரு கராச்சில் கேட்டபோது, காதால் கேட்டே சரிசெய்து தருவதாகச் சொல்லி அரை மணி நேரம் திருகாணியைத் திருகினார்கள். வண்டி முன்பிருந்ததைவிட மோசமாகத்தான் திரும்பி வந்தது. ஆகவே கருவி ஒன்றை வாங்கி நானே செய்து பழக விரும்புகிறேன். நான்கு முள் கேஜ்கள் ஒரே சட்டத்தில் பொருத்தப்பட்ட தொகுதி, இரண்டு சிலிண்டருக்கான ட்வின்மாக்ஸ் போன்ற மின்னணுக் கருவி, உருக்குத் தண்டுகள் ஏறி இறங்கும் கார்ப்டியூன் ஆகிய மூன்றையும் இணையத்தில் பார்த்து வைத்திருக்கிறேன். வீட்டிலேயே குழாயால் செய்துகொள்ளலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். என் மைத்துனர் ஹொண்டா சிபி 400 சுப்பர் ஃபோர் ஒன்று வாங்கப்போவதால், கருவி அவருக்கும் உதவினால் நல்லது. அனுபவப்பட்டவர்கள் வழிகாட்டுவீர்களா?

சம்மாந்துறைக் கராச் எழுதியது:

தம்பி, ஒரு கருவியைத் தெரிவுசெய்யும் முன்னர் அது எதை அளக்கிறது என்பதை விளங்கிக்கொள்ளுங்கள்; கேள்வியில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது காபரேற்றரில் காற்று வழியைத் திறந்து மூடும் பட்டாம்பூச்சித் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன் கீழிறங்கி இழுக்கையில், அந்தத் தகட்டுக்கும் சிலிண்டருக்கும் இடைப்பட்ட வழியில் வெற்றிடம் உண்டாகிறது. ஒரு பக்கத் தகடு மயிரிழை அளவு கூடுதலாகத் திறந்திருந்தால், அந்தப் பக்கம் காற்று அதிகமாகப் புகுந்து வெற்றிடம் குறையும்; அந்தச் சிலிண்டர் தன் வேலையோடு மற்றையதையும் இழுத்துக்கொண்டு ஓடும். உங்கள் கைக்கு வரும் நடுக்கம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆக, உங்களுக்குத் தேவைப்படுவது இரண்டு பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே. ஒவ்வொரு பக்கத்திலும் வெற்றிடம் எவ்வளவு என்ற இலக்கம் தேவையில்லை.

இரண்டு சிலிண்டர் வண்டிக்கு நான் சொல்வது குழாய்தான். மேசன்மார் அத்திவாரத்துக்கு நீர்மட்டம் பார்க்கும் அதே கண்ணாடி போன்ற பிளாஸ்ற்றிக் குழாயை ஹாட்வெயார் கடையில் 7 மீற்றர் வாங்குங்கள். 2 மீற்றர் நீளப் பலகையில் அதை 'ப' எழுத்தைப் போல வளைத்து அறைந்து, இரண்டு கரங்களிலும் 1 மீற்றர் உயரம் வரை டூ ஸ்ற்றோக் ஒயிலை நிரப்பி, எஞ்சியிருக்கும் இரு முனைகளையும் இரண்டு காபரேற்றர்களின் வெற்றிட முனைகளில் மாட்டுங்கள். எந்தப் பக்கம் வெற்றிடம் கூடுதலோ அந்தப் பக்கம் ஒயில் ஏறும். அதாவது, அந்தப் பக்கத் தகடு கூடுதலாக மூடியிருக்கிறது. இரண்டு காபரேற்றருக்கும் நடுவிலுள்ள திருகாணியைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பித் திருப்பி, இரு கரங்களிலும் ஒயில் ஒரே மட்டத்துக்கு வரும்படி செய்ய வேண்டும்.

இந்தக் குழாயின் நுட்பத்தைக் குறைவாக எண்ணாதீர்கள். வெற்றிடத்தை வழக்கமாகப் பாதரசம் ஏறும் உயரத்தால் சொல்வார்கள். பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியானது. ஒயிலோ நீரைவிடச் சற்று இலேசானது. சில வண்டிகளின் கைநூல்கள் 20 மில்லிமீற்றர் பாதரச வேறுபாட்டை ஏற்கத்தக்க எல்லையாகக் கொடுக்கின்றன. அந்த வேறுபாடு உங்கள் பலகையில் ஏறக்குறைய 31 சென்ரிமீற்றராகத் தெரியும். முள் கேஜில் முள்ளின் பருமனுக்குள் மறைந்துவிடும் வேறுபாடுகூட இங்கே விரல் நீளத்துக்குத் தெரியும்.

ஆனால் அதே காரணத்தால் ஓர் ஆபத்தும் உண்டு. வேறுபாடு ஏறக்குறைய 128 மில்லிமீற்றர் பாதரசத்தைத் தாண்டினால், ஒயில் பலகையின் உச்சியைக் கடந்து எஞ்சினுக்குள் போய்விடும். டூ ஸ்ற்றோக் ஒயில் என்றபடியால் புகைந்து எரிந்துவிடும், கேடில்லை. எனினும் பெருமளவு போகவிடக் கூடாது. ஆகவே பலகைக்கும் எஞ்சினுக்கும் இடையில் ஒவ்வொரு பக்கமும் ஒரு சிறு போத்தலை வையுங்கள். மூடியில் இரண்டு துளையிட்டுக் குழாய்களைச் செருகிக் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டால், தப்பி வரும் ஒயில் போத்தலிலேயே தங்கிவிடும். இன்னொன்று: காபரேற்றர் கழற்றியிருக்கும்போதே இரண்டு தகடுகளின் இடைவெளியிலும் ஒரே மெல்லிய கம்பியைச் செருகிப் பார்த்து, கண்ணளவில் சமன் செய்துவிட்டால் இந்தச் சிக்கலே வராது. நீங்கள் அதைச் செய்யாமல் பூட்டியிருக்கிறீர்கள் போலத் தெரிகிறது.

ஒயில் துடித்துக்கொண்டே இருந்தால், மருந்துக்கடையில் சேலைன் ஏற்றும் குழாய்த் தொகுதி இரண்டு வாங்கி, அதிலுள்ள சில்லுக் கவ்வியை உங்கள் குழாயில் மாட்டிச் சற்று இறுக்குங்கள். துடிப்பு அடங்கும். நான் பல வருடங்களாக அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னர், குளிர்ந்த எஞ்சினில் வால்வு இடைவெளியைப் பாருங்கள். ஒரு வால்வு இறுகி முழுமையாக மூடாமல் இருந்தால், எந்தக் கருவி காட்டும் சமனும் பொய்ச் சமன்தான். அக்சிலேற்றரை விட்ட பின்னும் எஞ்சின் இரைகிறது என்கிறீர்களே, அது காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் வெடித்துக் காற்று உறிஞ்சுவதாலும் வரக்கூடும். நமது கரையோர ஊர்களில் உப்புக்காற்றும் வெயிலும் சேர்ந்து அந்த ரப்பரை விரைவில் தின்றுவிடும். ஸ்லோவில் ஓடும்போது அந்த இடத்தில் தண்ணீரைப் பனிபோலத் தெளித்துப் பாருங்கள். எஞ்சினின் ஓசை மாறினால் வெடிப்பு அங்கேதான்.

களுவாஞ்சிகுடி எழுதியது:

மேலே அண்ணன் சொன்னதை நானும் ஆமோதிக்கிறேன். பழைய பாதரசக் கருவி எங்காவது மலிவாகக் கிடைத்தால் வாங்கிவிட வேண்டாம் என்பதை மட்டும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து பாதரசத் தண்டுகள் நான்கு உள்ள கருவி ஒன்றை ஒருவர் எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். மூன்றாவது தடவை பயன்படுத்தும்போது எனது சுசுக்கி பண்டிட் 250 வண்டியின் ஒரு குழாய் முனையிலிருந்து கழன்றது. அந்தத் திடீர் மாற்றத்தில் மற்றைய குழாய்களில் இருந்த பாதரசம் மேலேறி, ஒரு பகுதி எஞ்சினுக்குள்ளும் ஒரு பகுதி சீமெந்துத் தரையிலும் சிதறியது. தரையின் வெடிப்புகளுக்குள் வெள்ளி மணிகளைப் போல ஓடி ஒளிந்துகொண்ட அந்தத் துளிகளைக் காகிதத் துண்டால் ஒதுக்கி ஒதுக்கி எடுத்த அந்த மாலைப் பொழுதை நான் மறக்கவில்லை. என் பிள்ளைகள் விளையாடும் இடம் அது. பாதரச ஆவிக்கு மணமில்லை. மூச்சோடு உள்ளே போவது நமக்குத் தெரியாது. பாதரசத்தின் பாவனையைக் குறைப்பதற்காகவே 2013இல் மினமாட்டா என்ற சர்வதேச உடன்படிக்கை உருவானது. ஒயிலும் உருக்குத் தண்டும் இருக்கும்போது, அந்த நஞ்சை வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு நியாயமே இல்லை.

அக்கரைப்பற்று சிபி எழுதியது:

சம்மாந்துறைக் காக்கா (அண்ணன்) சொன்ன குழாய் இரண்டு சிலிண்டருக்கு மிக நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நான்கு சிலிண்டருக்கு அது கைக்கு அடங்காது. என்னிடம் சிபி 400 இருக்கிறது. அதில் சமன் செய்யும் திருகாணிகள் மூன்று. ஒரு சோடியைச் சமன் செய்து, மறு சோடியைச் சமன் செய்து, பின்னர் இரு சோடிகளையும் ஒன்றுக்கொன்று சமன் செய்யும்போது, முதலில் செய்தது சற்று நகர்ந்துவிடும். நான்கையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாவிட்டால் பொழுது முழுவதும் அதிலேயே போய்விடும். உங்கள் மைத்துனர் உறுதியாக வாங்குவாரானால் முள் கேஜ் தொகுதியையோ கார்ப்டியூனையோ பாருங்கள். ஒரு விடயத்தையும் அவரிடம் சொல்லுங்கள்: 2007இன் இறுதியில் வந்த ரெவோ மாதிரியிலிருந்து அந்த வண்டிக்குக் காபரேற்றர் இல்லை, பெற்றோலைப் பீச்சும் முறைதான். எந்த வருடத்து வண்டி என்று தெரியாமல் கருவி வாங்கக் கூடாது.

மலிவான முள் கேஜ்களில் நான்கும் ஒரே அளவைக் காட்டும் என்று நம்பிவிடாதீர்கள். வந்தவுடன் நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சிலிண்டரின் முனையில் மாட்டி, எது எவ்வளவு கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது என்று கண்ணாடியின் மேல் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். என்னுடைய தொகுதியில் மூன்றாவது கேஜ் மட்டும் எப்போதும் கூட்டிக் காட்டும். குழாயிலுள்ள சிறு திருகியை இறுக்கி முள்ளின் ஆட்டத்தைக் குறைக்கும்போது, முற்றாக அடைத்துவிடாமல் முள் சற்றே நடுங்கும்படி விட வேண்டும். முற்றாக அசையாத முள் பழைய அளவைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். ஹொண்டாவில் முனைகள் இல்லை, 5 மில்லிமீற்றர் திருகாணிகளைக் கழற்றி அந்த இடத்தில் இணைப்புக் குழாய்களைப் பூட்ட வேண்டும். தொகுதியோடு அவை வருகின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

கல்லடிவாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குழாயைச் செய்யத் தீர்மானித்துவிட்டேன். பெற்றோல் தாங்கியைக் கழற்றினால்தான் திருகாணிக்குக் கை எட்டும். அப்போது எஞ்சினுக்குப் பெற்றோல் கொடுப்பது எப்படி? சேலைன் போத்தலில் பெற்றோல் ஊற்றித் தொங்கவிடுவதைச் சிலர் செய்கிறார்களே?

சம்மாந்துறைக் கராச் எழுதியது:

அதைச் செய்ய வேண்டாம், தம்பி. சூடான எஞ்சினுக்கு மேல் பெற்றோல் தொங்குவது நல்லதல்ல. மெல்லிய பிளாஸ்ற்றிக்கும் இணைப்பும் எப்போது வழுவும் என்று சொல்ல முடியாது. தாங்கியைப் பக்கத்தில் ஓர் உயரமான வாங்கின் மேல் வைத்து, நீளமான பெற்றோல் குழாயால் இணையுங்கள். பெற்றோல் தப்பு (பெற்றோலைத் திறந்து மூடும் திருகி) எஞ்சினின் வெற்றிடத்தால் திறப்பதாக இருந்தால், அதைப் பிரைம் நிலைக்கு (வெற்றிடம் இல்லாமலே பெற்றோல் வரும் நிலைக்கு) திருப்பிவிட்டு, அதற்குப் போகும் வெற்றிடக் குழாயின் முனையை அடைத்துவிடுங்கள். அடைக்காவிட்டால் அந்தப் பக்கம் காற்று உறிஞ்சி உங்கள் அளவைக் கெடுக்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்னரே அளக்க வேண்டும், ஆனால் நின்ற இடத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடவிடாமல் முன்னால் ஒரு மின்விசிறியை வையுங்கள். திருகாணியைத் திருப்பிய ஒவ்வொரு தடவையும் அக்சிலேற்றரை ஒரு முறை முறுக்கி விட்டுத் தகடுகள் தம் இடத்தில் அமர்ந்த பிறகு பாருங்கள். ஸ்லோவில் சமனானதும் நிமிடத்துக்கு 3000 சுற்றிலும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கல்லடிவாசி எழுதியது:

நேற்று ஞாயிற்றுக்கிழமை செய்து முடித்தேன். தண்ணீர் தெளித்துப் பார்த்ததில் இடப்பக்க ரப்பரின் அடிப்புறத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு இருந்தது. ரப்பர்கள் இரண்டையும் மாற்றி, வால்வு இடைவெளியையும் பார்த்த பிறகே பலகையை மாட்டினேன். முதல் இயக்கத்தில் வலப்பக்க ஒயில் 60 சென்ரிமீற்றருக்கு மேல் ஏறிவிட்டது. போத்தல்கள் இருந்ததால் பயமின்றி நின்று பார்க்க முடிந்தது. திருகாணியை ஏறக்குறைய முக்கால் சுற்றுத் திருப்பிய பின்னர் இரு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்குள் வந்து நின்றன. பின்னர், கேஜ்களை ஒப்பிட்டுப் பார்ப்பது பற்றி அக்கரைப்பற்று நண்பர் சொன்னதை மனத்தில் வைத்து, குழாய்களை இடம் மாற்றி மாட்டியும் பார்த்தேன். அதே அளவுதான் காட்டியது.

இன்று காலை மட்டக்களப்பிலிருந்து செங்கலடி வரை போய்வந்தேன். நடுக்கம் மிகவும் குறைந்துவிட்டது, அக்சிலேற்றரை விட்டதும் எஞ்சின் உடனே இறங்குகிறது. மைத்துனர் பார்த்து வைத்திருக்கும் சிபி 400 எந்த வருடத்து வண்டி என்று அறிந்த பின்னர், கேஜ் தொகுதி பற்றி மீண்டும் கேட்பேன்.