சாமான் விலையைக் குறைப்போம் என்று வாக்குக் கேட்கிறார்கள், பிரதேச சபையால் அது முடியுமா?

படுவான்கரைப் பிள்ளை:
2025 மே 6 ஆம் திகதி இலங்கையில் உள்ளூராட்சித் தேர்தல், எங்கள் பிரதேச சபைக்கும்தான். இந்தக் கிழமை மட்டும் எங்கள் ஒழுங்கைக்குள் மூன்று கட்சிக்காரர் வந்து போய்விட்டார்கள். நேற்று வந்தவர், "ஒரு தரம் எங்களுக்குப் போட்டுப் பாருங்கம்மா, சாமான் விலையைக் குறைக்கிறம்" என்றார். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. "இது 200 ரூபாய்க்கு வாங்கினது மகன், பாதி இன்றைக்கு, மற்றப் பாதி நாளைக்குச் சொதிக்கு" என்று மட்டும் சொன்னா. அவர் நோட்டீசைத் தந்துவிட்டுப் போய்விட்டார். அப்பாவுக்குக் கூலி வேலை, கிழமையில் நாலு நாள் கிடைத்தால் பெரிய விசயம். உண்மையில் விலைவாசியில் சபைக்கு ஏதும் அதிகாரம் இருக்கிறதா? இல்லையென்றால் வீட்டுக்கு வருகிறவரிடம் எதைத்தான் கேட்பது?

பழைய எழுதுவினைஞர்:
இல்லை தங்கச்சி. 2024 டிசம்பரில் ஒரு கிலோ நாட்டரிசிக்கு 230 ரூபா என்று கட்டுப்பாட்டு விலை போட்டது கொழும்பில் இருக்கிற அரசாங்கம். 2024 ஜனவரியில் வற் வரியை 15 இலிருந்து 18 வீதமாக்கியதும் அங்கேதான். கரண்ட் பில்லும் அப்படித்தான், அஸ்வெசும என்கிற அரசாங்க உதவிப்பணப் பட்டியலும் அப்படித்தான். சபையின் கையில் இருப்பது சந்தை, குப்பை, தெருவிளக்கு, உள் வீதி, சோலைவரி (வீடு, கட்டிடங்களுக்குச் சபை எடுக்கிற வரி), மயானம், நூலகம். சின்ன விசயம் என்று நினைக்காதீர்கள், அதிலும் சந்தை நேரே உங்கள் அடுப்படிக்கு வருகிறது. பல இடங்களில் சந்தையை வருடக் குத்தகைக்குக் கொடுக்கிறார்கள், குத்தகைக்காரர் அந்தக் காசை வியாபாரியிடம் எடுக்கிறார், வியாபாரி வெண்டிக்காயில் ஏற்றுகிறார். குத்தகை எவ்வளவு, ஒரு நாளைக்கு எவ்வளவு அறவிடலாம் என்று தகவல் அறியும் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள், 2016 இல் நிறைவேறிய அந்தச் சட்டத்தால் கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது.

மரக்கறி யாவாரி:
ஐயா சொல்வது சரி. நான் நிலத்தில் சாக்கு விரித்து விற்கிறவன். மழை பெய்தால் கூரை ஒழுகும், கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை, ஆனால் காசு மட்டும் தவறாமல் எடுப்பார்கள், சில நாள் பற்றுத்துண்டும் தரமாட்டார்கள். விற்காமல் வாடின கீரையை ஆட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்த நாளிலும் கட்டித்தான் இருக்கிறேன். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது, அந்த மாதம் 9 ஆம் திகதி நடக்க இருந்த தேர்தலைக் காசில்லை என்று தள்ளினார்கள், மறுகா ரெண்டு வருசமாக முறையிடப் போனால் உறுப்பினர் என்று ஒருத்தரும் இல்லை. அதனால்தான் இந்த முறை கட்டாயம் போய் வாக்குப் போடச் சொல்கிறேன்.

வயல்காரன்:
எல்லாம் சரி, மேலே ஆட்சியில் இருக்கிற கட்சியிடம் சபை போனால்தானே நிதி வரும்? எங்கள் வயல் வீதி பத்து வருடமாகக் குண்டும் குழியும், சிறுபோக நெல்லை ஏற்ற லொறிக்காரர் கூடுதல் காசு கேட்கிறார்கள்.

பழைய எழுதுவினைஞர்:
தம்பி, அந்தப் பேச்சை ஒவ்வொரு தேர்தலிலும் கேட்டிருக்கிறேன். சோலைவரியும் சந்தைக் காசும் எந்தக் கட்சி வந்தாலும் சபைக்கு வரும். அது எங்கே போகிறது என்று கேட்கிற ஆள் வேண்டும், அவர் உங்கள் வட்டாரத்துக்காரராக இருக்க வேண்டும்.

படுவான்கரைப் பிள்ளை:
நன்றி எல்லோருக்கும். இன்று பின்னேரம் இன்னொருவர் வந்தார். சந்தைக் குத்தகை எவ்வளவு என்று கேட்டேன், தெரியாது என்றார். ஞாயிற்றுக்கிழமைக்குள் விசாரித்துச் சொல்கிறேன் என்று என் நம்பரை எழுதிக்கொண்டு போயிருக்கிறார்.