சமையலறைக்குத் தனியாக ஒரு திரை: வைக்கலாமா, கூடாதா?

வேளச்சேரி வித்யா:
வீட்டில் ஒரு பழைய பத்து இன்ச் டேப்லெட் சும்மா கிடக்கிறது. அதை கிச்சனில் மாட்டிவிடலாம் என்று யோசிக்கிறேன். சமையல் வீடியோ பார்க்க, டைமர் வைக்க, காலையில் ஆபீஸ் மீட்டிங்கைக் காதில் வாங்கிக்கொண்டே குழம்பு வைக்க. உண்மையைச் சொன்னால், வெங்காயம் உரிக்கும்போது ஒரு எபிசோட் ஓடட்டுமே என்ற ஆசையும் உண்டு. மாமனாருக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "அடுப்பு முன்னாடி நின்னா கண்ணு அடுப்புல இருக்கணும்" என்கிறார். கையில் போன் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்பது வீட்டுக்காரரின் கேள்வி. வைத்திருப்பவர்களும், வைத்துப் பார்த்து எடுத்துவிட்டவர்களும் சொல்லுங்கள்.

பெரம்பூர் பாஸ்கர்:
மாமனார் சொல்வதுதான் சரி. நான் மெஸ் நடத்துகிறவன், அடுப்படியிலேயே பொழுது போகிற ஆள். சமையலில் கண்ணுக்கு இருக்கிற வேலை பாதிதான், மீதி காதுக்கும் மூக்குக்கும். கடுகு வெடித்து அடங்குகிற சத்தத்தை வைத்துத்தான் உளுத்தம்பருப்பைப் போடுகிறோம். அது சிவந்து, கருகுவதற்குக் கண்மூடித் திறக்கிற நேரம் போதும். புளியின் பச்சை வாசனை போய்விட்டதா என்று எந்த வீடியோ உங்களுக்குச் சொல்லும்? என் கிச்சனில் எல்லார் போனும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில்தான் கிடக்கும், என்னுடையதும் சேர்த்து. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருக்கும்போது கதாநாயகி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பார்த்தால் ஆகாது மேடம்.

அடையாறு ஆனந்தி:
ஹாலில் டிவியும் ஓடுகிறது, மடியில் போனும் ஓடுகிறது, பக்கத்தில் பேப்பரும் விரித்திருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர்களிடம் போய் "கவனம் எங்கே இருக்கு?" என்று யாரும் கேட்பதில்லை. சமையலறைக்குள் ஒரு பெண் ஒரு திரை வைக்கலாமா என்று கேட்டதும் ஒழுக்கப் பாடம் ஆரம்பமாகிவிடுகிறது.

பாஸ்கர் சாருக்கு அது தொழில். சமைத்ததற்குக் காசு வருகிறது, நன்றாக இருந்தால் நாலு பேர் சொல்லிவிட்டுப் போகிறார்கள். வீட்டில் அதே ரசம், அதே பொரியல், தினமும் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டு செய்கிறவளுக்கு என்ன இருக்கிறது? எங்கள் அம்மா அரிசி டின் மேல் டிரான்சிஸ்டர் வைத்திருந்தார். நாட்டிலேயே முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23-ல் நம்ம மெட்ராஸில்தான் ஆரம்பித்தது தெரியுமா? அதைக் கேட்டுக்கொண்டே சமைத்த எத்தனையோ வீடுகளில் யாருக்கும் ரசம் கெட்டுப்போகவில்லை. இன்றைக்கு அந்த இடத்தில் திரை இருக்கிறது, அவ்வளவுதான்.

பெரம்பூர் பாஸ்கர்:
> அந்த இடத்தில் திரை இருக்கிறது, அவ்வளவுதான்.

அவ்வளவுதான் இல்லை அக்கா. ரேடியோ காதை மட்டும் கேட்டது, கண்ணைக் கேட்கவில்லை. பாட்டு கேட்டுக்கொண்டே யாரும் கத்தியால் விரலை வெட்டிக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. வேண்டுமானால் இப்பவும் ரேடியோ வையுங்கள், நானே வைத்திருக்கிறேன். ஆண் பெண் பேச்சை இதில் இழுக்க வேண்டாம். என் மெஸ்ஸில் அடுப்பில் நிற்கிறவர்கள் எல்லாரும் ஆம்பிளைகள்தான், விதி அவர்களுக்கும் ஒன்றுதான்.

தாம்பரம் தினேஷ்:
எனக்கு வீட்டில் யாரும் சமைக்கச் சொல்லித்தரவில்லை. வேலைக்குச் சென்னை வந்த பிறகு, கற்றுக்கொண்டது எல்லாம் திரையைப் பார்த்துத்தான். அது இல்லையென்றால் இன்னும் தினமும் பரோட்டாதான். அதனால் என் ஓட்டு திரைக்கு.

ஆனால் வீடியோ பார்த்துச் சமைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "ஒரு கப்" என்பார்கள். ஒருவருடைய கப் 200 மில்லி, இன்னொருவருடையது 240, வேறொருவருக்கு 250. ஊரில் பாட்டி ஆழாக்கில் அளப்பார், அது 168 மில்லி. பொங்கலுக்கு அரிசி ஆழாக்கில் அளந்துவிட்டு, தண்ணீரை வீடியோவில் காட்டுகிற கப்பில் ஊற்றினால் வருவது பொங்கல் இல்லை, கஞ்சி. அப்புறம் விளம்பரம். என் ரூம்மேட் மைசூர்பாகு கிண்டும்போது, பாகு ஒரு கம்பிப் பதம் வந்த அதே நிமிஷத்தில் ஏதோ கடன் ஆப் விளம்பரம் வந்தது. கையெல்லாம் நெய், தவிர்க்கும் பட்டனை அழுத்த முடியவில்லை. அவன் முழங்கையால் முயற்சி செய்து, அடுத்த வீடியோவுக்கே போய்விட்டான். நாங்கள் அன்று சாப்பிட்டதைச் சுத்தியல் வைத்துத்தான் உடைத்தோம்.

அதனால் இப்போது நான் வீடியோவை முதலிலேயே ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிடுவேன். அளவையும் வரிசையையும் பெரிய எழுத்தில் நோட்ஸ் ஆப்பில் எழுதி, அந்த ஒரு பக்கத்தை மட்டும் திறந்து வைப்பேன். ஓடுகிற படத்தைவிட நிற்கிற எழுத்து கிச்சனுக்கு நல்லது.

ரிச்சி ஸ்ட்ரீட் சரவணன்:
வைப்பதா வேண்டாமா என்பதை நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். நான் டேப்லெட், போன் ரிப்பேர் செய்கிறவன். வைப்பதாக இருந்தால் எப்படி என்று மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் கிச்சனிலிருந்து வருகிற கேஸ்கள் எனக்குத் தனி வகை.

பெரிய பிரச்சினை தண்ணீர் இல்லை, சூடு. பழைய டேப்லெட்டைச் சுவரில் மாட்டி, நாள் முழுக்க சார்ஜரிலேயே விட்டுவிடுவார்கள். லித்தியம் பேட்டரிக்கு எப்போதும் நூறு சதவீதத்தில் நிற்பதும் ஆகாது, சூடும் ஆகாது. ஐபேடை 35 டிகிரிக்குள் பயன்படுத்துங்கள் என்றுதான் ஆப்பிளே சொல்கிறது. கத்திரி வெயிலில் நம்ம ஊரில் வெளியிலேயே நாற்பதைத் தொடும். இரண்டு அடுப்பு எரிகிற கிச்சனில் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். பேட்டரி உப்ப ஆரம்பித்தால் திரையின் ஓரம் லேசாகத் தூக்கும், நடுவில் வெளிச்சம் திட்டுத்திட்டாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். அழுத்தி உட்கார வைக்கிறேன் என்று சிலர் ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவருகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி செட்டிங்ஸில் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் சமைக்கும்போது மட்டும் கொண்டுவந்து வைத்து, முடிந்ததும் எடுத்துவிடுங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால் எக்கோ ஷோ 5, நெஸ்ட் ஹப் மாதிரி திரை வைத்த ஸ்மார்ட் ஸ்பீக்கர்களில் உள்ளே பேட்டரியே கிடையாது, நேராக அடாப்டரில் ஓடும். ஒரே இடத்தில் நிரந்தரமாக இருக்க அதுதான் பொருத்தம்.

"ஐபி 68 போட்டிருக்கே, ஒன்றும் ஆகாது" என்பார்கள். அது தூசியும் தண்ணீரும் உள்ளே போகாது என்பதற்கான தரக்குறியீடு, அந்தச் சோதனை சுத்தமான தண்ணீரில் செய்வது. சாதம் வடிக்கிற ஆவிக்கும், அப்பளம் பொரிக்கிற எண்ணெய்ப் புகைக்கும் அது உத்தரவாதம் இல்லை. ஸ்பீக்கர் ஓட்டையில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து, அதில் மாவுத் தூசி ஒட்டி, சத்தமே வெளியே வராத டேப்லெட்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

ஈரக்கையால் தொட்டால் திரை பேய் பிடித்த மாதிரி தானாக ஓடுகிறது என்பது இன்னொரு புகார். விரல் மின்சாரத்தைக் கடத்தும், அது தொட்டால் திரையின் மின்புலம் மாறும். அந்த மாற்றத்தை வைத்துத்தான் திரை தொடுவதை உணர்கிறது. தண்ணீர்த் துளியும் அதற்கு விரல் மாதிரியே தெரியும். விரல் முட்டி காய்ந்திருந்தால் அதனால் தட்டலாம், வேலை செய்யும்.

வேளச்சேரி வித்யா:
சரவணன் சார், மிக்ஸிக்கு மேலே இருக்கிற ஷெல்ஃபுக்கு அடியில் மாட்டலாமா? பிளக் அங்கேதான் இருக்கிறது.

ரிச்சி ஸ்ட்ரீட் சரவணன்:
மிக்ஸி மூடி ஒரு நாள் கழன்றால் மொத்த சட்னியும் திரையில் இருக்கும் மேடம். அடுப்புக்கு மேலேயும் வேண்டாம், சிங்க் பக்கமும் வேண்டாம். நீங்கள் காய் நறுக்குகிற இடத்துக்கு நேரே, கண் மட்டத்தில். அடுப்பைத் தாண்டி ஒயர் போகக் கூடாது. மல்டிபிளக் போட்டு அதிலேயே இண்டக்‌ஷனையும் செருகாதீர்கள். 2000 வாட் இண்டக்‌ஷன் ஒன்றே கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், சாதாரண 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் தாங்காது.

மாடவீதி மாமி:
எல்லாரும் சண்டை போட்டு முடிச்சாச்சா? நான் சொல்றேன். நான் தனியா இருக்கேன். பொண்ணு நியூஜெர்சியில். இங்கே காலை ஆறரைன்னா அங்கே முதல் நாள் ராத்திரி ஒன்பது, நவம்பர்ல அவா கடிகாரத்தை மாத்திட்டா எட்டு. அந்த நேரம்தான் அவளுக்கும் வேலை முடிஞ்சிருக்கும், நானும் காபி டிகாக்‌ஷன் இறக்கி, சமையல் ஆரம்பிச்சிருப்பேன். ஜன்னல் ஓரத்துல டேப்லெட்டைச் சாத்தி வெச்சுட்டு ரெண்டு பேரும் பேசிண்டே இருப்போம். அவ பாத்திரம் தேய்ப்பா, நான் கொத்தவரங்காய் நறுக்குவேன். பாதி நேரம் பேச்சே இருக்காது. அது எனக்குப் பெரிய துணை. பாஸ்கர், இதையும் வேண்டாம்னு சொல்லுவியாப்பா?

ஆனா பாகு விஷயத்துல நான் உன் கட்சி. போன தீபாவளிக்கு அவ அங்கே அதிரசத்துக்கு வெல்லப்பாகு வெச்சா. கேமராவைப் பாத்திரத்துக்குள்ளேயே காட்டி "அம்மா, சரியா இருக்கா?"ன்னு கேக்கறா. எனக்கு என்னடி தெரியும்? நுரை வந்தது தெரியறது, நிறம் அந்த வெளிச்சத்துல கறுப்பா தெரியறது. "கிண்ணத்துல தண்ணி வெச்சு ஒரு சொட்டு விடு, கையால உருட்டு, உருளறதா கரையறதா சொல்லு"ன்னேன். அவ விரல் சொன்னாத்தான் எனக்கே தெரிஞ்சுது.

பெரம்பூர் பாஸ்கர்:
மாமி, நீங்கள் பொண்ணோடு பேசுவதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? பேச்சுக்குக் கண் தேவையில்லை, அதனால் எனக்கு அதில் மறுப்பும் இல்லை. நான் பயப்படுவது வேறு.

பால் வைத்துவிட்டு சீரியலில் உட்காருகிறார்கள். பால் பொங்கி அடுப்பை அணைத்துவிடுகிறது. நம்ம ஊரில் விற்கிற பெரும்பாலான அடுப்புகளில், சுடர் அணைந்தால் கேஸைத் தானாக நிறுத்தும் வசதி கிடையாது. கேஸ் போய்க்கொண்டே இருக்கும். அது காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். காதில் ஈயர்போன், எதிரே சண்டைக் காட்சி. பொங்கின சத்தமும் கேட்காது, விசில் எத்தனை என்பதும் தெரியாது. சமையல் கேஸுக்கு இயல்பாக வாசனையே கிடையாது, நமக்குத் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் கலக்கிறார்கள். அந்த வாடையைக் கவனிக்கக்கூட மனசு அங்கே இருக்க வேண்டும் இல்லையா? வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்கு அடியுங்கள். எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் அடுப்பை அணைத்துவிட்டுத் தட்டு போட்டு மூட வேண்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது.

அடையாறு ஆனந்தி:
நீங்கள் சொன்ன அத்தனையும் சரி சார். ஆனால் பால் பொங்குவது திரையால் மட்டுமா? காலிங் பெல் அடிக்கிறது, குழந்தை கூப்பிடுகிறது, கேன் தண்ணீர் வருகிறது, "என் சாக்ஸ் எங்கே?" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. பெண்கள் அடுப்பை விட்டு ஓடுவது பெரும்பாலும் இதற்குத்தான். கண் அடுப்பில் இருக்க வேண்டும் என்று மருமகளுக்குச் சொல்கிற வீட்டில், அவள் சமைக்கும்போது யாரும் கூப்பிடக் கூடாது என்றும் விதி போடுவார்களா? உங்கள் மெஸ்ஸில் அடுப்பில் நிற்கிறவரை நடுவில் யாரும் சாக்ஸ் தேடக் கூப்பிடுவதில்லை.

பெரம்பூர் பாஸ்கர்:
கூப்பிட்டால் கரண்டி பறக்கும். சரி, அந்தப் பாயிண்ட்டை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நாலு தொல்லை இருக்கிற இடத்தில் ஐந்தாவதாக ஒன்றை நாமே காசு கொடுத்து மாட்டுவானேன்?

அடையாறு ஆனந்தி:
அந்த ஐந்தாவதுதானே அவள் தனக்காகக் கேட்பது!

தாம்பரம் தினேஷ்:
மீட்டிங் பற்றி யாரும் பேசவில்லை. வித்யா அக்கா, எபிசோடைக்கூட மன்னிக்கலாம், மீட்டிங் வேண்டாம். எபிசோட் உங்களைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்காது. நீங்கள் அன்மியூட் செய்யும்போது குக்கர் அடிக்கும், அது எல்லா ஊர் ஆபீஸிலும் கேட்கும்.

வேளச்சேரி வித்யா:
ஏற்கெனவே கேட்டிருக்கிறது தம்பி! சரி, நான் இப்போது யோசிப்பது இது: காய் நறுக்கும்போதும் மாவு பிசையும்போதும் திரை ஓடட்டும், தாளிக்கும்போதும் பொரிக்கும்போதும் நிறுத்திவிடலாம். ஈயர்போன் கிடையாது. சுவரில் ஆணி அடிக்கப் போவதில்லை, ஸ்டாண்டில் வைத்துச் சமையல் முடிந்ததும் எடுத்துவிடுவேன். ஸ்டாண்ட் எது நல்லது சரவணன் சார்? மேடைக்கும் ஷெல்ஃபுக்கும் நடுவில் இடம் குறைவு.

ரிச்சி ஸ்ட்ரீட் சரவணன்:
அடியில் கனமான இரும்புத் தகடு இருக்கிற மடக்கு ஸ்டாண்ட் வாங்குங்கள். பிளாஸ்டிக் ஸ்டாண்டில் பத்து இன்ச் நிற்காது, கிரானைட் ஈரமாக இருந்தால் வழுக்கும். டேப்லெட்டுக்கு சிலிகான் கவர் போட்டால் கறுப்பில் வாங்குங்கள், வெள்ளையில் மஞ்சள் கறை ஏறினால் போகாது.