வின்டோஸ் 11 க்கு மாற்றிய பிறகு வயர்லெஸ் கீபோட் ஒழுங்காக வேலை செய்யுதில்லை

கோட்டடித் தட்டச்சு

வணக்கம். திருகோணமலை டவுனில் தட்டச்சு, போட்டோக்கொப்பி கடை. டெஸ்க்டொப் கொம்பியூட்டர், இன்டெல் 8 ஆம் தலைமுறை. போன கிழமை வின்டோஸ் 10 இலிருந்து 11 க்கு அப்கிரேட் செய்தது, ஃபோர்மட் பண்ணாமல் மேலாலேயே. கீபோட்டும் மவுசும் ஒரே செட், இரண்டுக்கும் ஒரே டொங்கிள் (யூஎஸ்பி போர்ட்டில் செருகுகிற சின்ன ரிசீவர்). புளூடூத் இல்லை.

காலையில் ஒன் பண்ணினால் லொகின் திரையில் கீபோட் அசையுதில்லை, மவுஸ் மட்டும் ஓடுது. டொங்கிளைக் கழற்றித் திரும்பப் போட்டால் சரி. ரீஸ்டார்ட் பண்ணினால் இந்தக் கரைச்சல் வாறதே இல்லை, ஷட்டவுன் பண்ணி ஒன் பண்ணினால்தான்.

அடிச்சுக்கொண்டு போகேக்க இடைக்கிடை எழுத்து விடுபடுது. சில நேரம் ஒரே எழுத்து நாலைந்து தரம் விழுது.

பாமினி தமிழ் எழுத்துருவில் ஷிஃப்டோட 3 அடிச்சால் சூ வர வேணும். இப்ப வேறென்னவோ வருது.

பற்றரி புதுசு. டிவைஸ் மனேஜரில் டிரைவர் அப்டேட் குடுத்தால் நல்ல டிரைவர் ஏற்கனவே இருக்கு எண்டு சொல்லுது. ஃபோர்மட் பண்ணச் சொல்லுகினம் சிலர். பேசாமல் 10 க்கே திரும்பிப் போகலாமா?

லிங்கநகர்ப் பொடியன்

டொங்கிள் போயிருக்கும் அண்ணா. புதுசு ஒண்டு வாங்கிப் போடுங்க, வேலை முடிஞ்சுது.

கொட்டியாரக்குடா

தம்பி, மவுஸும் அதே டொங்கிளில்தான் ஓடுது. டொங்கிள் செத்திருந்தால் இரண்டும் சேர்ந்து செத்திருக்கும். அதோட, செட்டாக வருகிற டொங்கிள் பெரும்பாலும் அந்தக் கீபோட்டோடு மட்டும் பதிந்து வரும், தனியாக ஒன்றை வாங்கிப் போட்டால் சேராது. லொஜிடெக்கின் யூனிஃபையிங் ரிசீவர், ஆரஞ்சு நிற அடையாளம் போட்டது, ஆறு சாதனம் வரை எடுக்கும். அதுகூட அந்த வகைக்கு மட்டும்தான். பிறகு வந்த போல்ட் ரிசீவரும் யூனிஃபையிங் கீபோட்டும் ஒன்றோடொன்று பேசாது.

ஐயா, நீங்கள் எழுதினதில் மூன்று தனித்தனிப் பிழை இருக்கிறது. ஒன்றாகப் போட்டுக் குழப்பினால்தான் ஃபோர்மட் வரைக்கும் போக வேண்டி வரும். முதலாவதை நான் சொல்கிறேன்.

ரீஸ்டார்டில் சரி, ஷட்டவுனில் பிழை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். அது ஒன்னில் இருக்கும்போது ஷட்டவுன் கொடுத்தாலும் வின்டோஸ் முழுதாக அணையாது. உங்கள் புரோகிராம்களை மூடிவிட்டு, கேர்னல் என்கிற வின்டோஸின் மையப் பகுதியையும் டிரைவர்களின் நிலையையும் டிஸ்கில் எழுதி வைத்துக்கொள்ளும், காலையில் அதைத் திரும்ப எடுத்துப் போடும். யூஎஸ்பி டிரைவர் தான் விட்ட இடத்திலிருந்து தொடரப் பார்க்கும், டொங்கிளில் கீபோட் பகுதி அதற்கு ஒத்து வராமல் நிற்கும். டொங்கிளுக்குள் கீபோட்டும் மவுசும் இரண்டு தனி இணைப்பாகத்தான் வின்டோஸுக்குத் தெரியும், அதனால்தான் ஒன்று எழும்ப மற்றது படுத்திருக்கிறது. ரீஸ்டார்ட் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும். பெரிய அப்கிரேடுக்குப் பிறகு நீங்கள் முன்பு ஓஃப் பண்ணி வைத்ததும் சில வேளை திரும்ப ஒன் ஆகிவிடும்.

எதையும் மாற்ற முதல் சோதித்துப் பாருங்கோ. இன்றைக்குக் கடை பூட்டும்போது ஷிஃப்டை அமத்திப் பிடித்துக்கொண்டு மவுஸால் ஷட்டவுனைக் கிளிக் பண்ணுங்கோ. அந்த ஒரு தடவை மட்டும் முழு ஷட்டவுன் நடக்கும். நாளைக் காலையில் கீபோட் வேலை செய்தால் காரணம் இதுதான். நிரந்தரமாக நிறுத்த: கன்ட்ரோல் பனல், பவர் ஒப்ஷன்ஸ், இடப்பக்கம் உள்ள "சூஸ் வட் த பவர் பட்டன்ஸ் டூ". உள்ளே கீழ்ப்பகுதி மங்கலாக இருக்கும். மேலே "சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அனவைலபிள்" என்பதை அமத்தினால்தான் திறக்கும். "டேர்ன் ஒன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்" சரியை எடுத்துவிட்டு சேவ். எஸ்எஸ்டி போட்ட கொம்பியூட்டரில் நேர வித்தியாசம் சில விநாடிதான்.

இன்னொன்று, டிவைஸ் மனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொன்றையும் திறந்து பவர் மனேஜ்மென்ட்டில் "அலவ் த கொம்பியூட்டர் டு டேர்ன் ஓஃப் திஸ் டிவைஸ்" சரியை எடுங்கோ. டெஸ்க்டொப்புக்கு இதனால் நட்டமில்லை. லப்டொப் என்றால் பற்றரி கொஞ்சம் கூடப் போகும்.

இதற்கும் அடங்காவிட்டால் மட்டும்: டிவைஸ் மனேஜரில் வியூ, ஷோ ஹிடன் டிவைசஸ். கீபோட்ஸ் பிரிவில் மங்கலாகத் தெரிகிற பழைய "எச்ஐடி கீபோட் டிவைஸ்" பதிவுகளை அன்இன்ஸ்டோல் பண்ணி, டொங்கிளை வேறு போர்ட்டில் போடுங்கோ. கை வைக்க முதல் திரைக் கீபோட்டைத் திறந்து வையுங்கோ. லொகின் திரையிலும் வலப்பக்கக் கீழ் மூலையில் உள்ள அக்சசிபிலிட்டி படத்தை அமத்தினால் அது வரும், லொகின் பின் (PIN) நம்பரை மவுஸாலேயே அடிக்கலாம். இது தெரியாமல் எல்லாக் கீபோட்டையும் அழித்துவிட்டு வெளியே நிற்கிறவர்கள் கனபேர்.

10 க்குத் திரும்புவது: செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரியில் "கோ பேக்" 10 நாளைக்குத்தான் இருக்கும். ஆனால் 10 க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. கீபோட்டுக்காக அங்கே போக வேண்டியதில்லை.

எழுத்து விடுபடுவதைப் பற்றி ஒரு கேள்வி. அப்கிரேடுக்கு முதல் பேக்கப் எடுக்க எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க் ஏதும் மாட்டினீங்களா, அது இன்னும் மாட்டினபடியா? டொங்கிள் எந்த போர்ட்டில்?

கோட்டடித் தட்டச்சு

ஓம், டிஸ்க் இன்னும் பின்னாலதான் கிடக்கு. நீல நிறப் போர்ட் இரண்டு பக்கத்தில் பக்கத்தில், ஒண்டில் டிஸ்க், மற்றதில் டொங்கிள். வைஃபை றவுட்டரும் சிபியூவுக்கு மேலதான்.

உப்புவெளி சிக்னல்

அப்ப இது வின்டோஸின் குற்றமே இல்லை.

நீல போர்ட் யூஎஸ்பி 3. அதில் டேட்டா ஓடும்போது கேபிளும் சொக்கெட்டும் 2.4 கிகாஹேர்ட்ஸ் பக்கம் வானொலி இரைச்சலைக் கக்கும். கீபோட் டொங்கிள் பேசுகிறதும் அதே அலைவரிசையில்தான். 2012 இல் இன்டெல் நிறுவனமே இதை அளந்து அறிக்கை போட்டது. டொங்கிளுக்கு அருகில் யூஎஸ்பி 3 டிஸ்க் இருந்தால் வயர்லெஸ் மவுஸ் எட்டும் தூரமே குறைந்து போகும் என்று காட்டினார்கள். உங்களுக்கு இடைவெளி ஒரு விரல் அகலம்கூட இல்லை. கீபோட் மேசைக்கு மேலே, டொங்கிள் தகரப் பெட்டிக்குப் பின்னால்.

எழுத்து நாலைந்து தரம் விழுவதும் இதே காரணம். விசையை அமத்தினால் ஒரு செய்தி, விட்டால் இன்னொரு செய்தி. விட்ட செய்தி இரைச்சலில் காணாமல் போனால் கொம்பியூட்டர் நீங்கள் இன்னும் அமத்திக்கொண்டே இருக்கிறீர்கள் என்று நினைத்து எழுத்தைத் திருப்பித் திருப்பிப் போடும். அமத்தின செய்தி போனால் எழுத்து விடுபடும்.

செய்ய வேண்டியது: ஒரு மீற்றர் யூஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்குங்க, ஒரு பக்கம் ஆண், மறுபக்கம் பெண். முன்பக்கமோ பின்பக்கமோ கறுப்பு நிற யூஎஸ்பி 2 போர்ட்டில் அதைச் செருகி, டொங்கிளை மொனிட்டருக்குக் கீழே, கீபோட்டிலிருந்து ஒரு முழத்துக்குள் கொண்டு வாங்க. பேக்கப் எடுக்காத நேரம் டிஸ்க்கைக் கழற்றி வையுங்க, அது டிஸ்க்குக்கும் நல்லது. றவுட்டரைச் சுவரில் ஏற்றுங்க. 5 கிகாஹேர்ட்ஸ் இருந்தால் கடை லப்டொப், ஃபோன் எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்க.

கேபிள் போட்டும் விடுபட்டால் பற்றரிப் பெட்டியைத் திறந்து ஸ்பிரிங்கைப் பாருங்க. நம்ம ஊர் உப்புக் காற்றுக்கு அது பச்சை பிடிக்கும். பற்றரி புதுசாக இருந்தாலும் கரண்ட் தட்டுத் தட்டி வரும். காதுக்குச்சியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சால் போதும். பழைய அல்கலைன் பற்றரி ஒழுகி வெள்ளைத் தூள் படிஞ்சிருந்தால் முதலில் ஒரு சொட்டு வினாகிரி, பிறகு ஸ்பிரிட், நல்லாக் காய விட்ட பிறகுதான் பற்றரி.

பாமினிப்பெட்டி

மூன்றாவதுக்கு நான். பாமினி யூனிகோட் இல்லை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்த எழுத்துரு. அமெரிக்க கீபோட் அமைப்பை நம்பித்தான் அது நிற்கிறது. சூ இருப்பது ஹாஷ் (#) அடையாளத்தின் இடத்தில். பிரித்தானிய அமைப்பில் ஷிஃப்ட் 3 பவுண்ட் (£) அடையாளம், அதனால் சூ போச்சு. அதே மாதிரி ஷிஃப்ட் 2 ஐயும், என்டர் பக்கத்திலுள்ள மேற்கோள் குறி விசையை ஷிஃப்டோட அடிச்சும் பாருங்கோ. ஒன்றின் அடையாளம் மற்றதில் வந்தால் உறுதி.

வின்டோஸ் "இங்லிஷ் இன்டர்நெஷனல்" பதிப்பு பிரித்தானிய ஆங்கிலம். அப்கிரேடில் அந்த அமைப்பும் பட்டியலில் ஏறியிருக்கும். செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்வேஜ், லாங்வேஜ் அண்ட் ரீஜன். ஆங்கிலத்துக்கு நேரே மூன்று புள்ளி, லாங்வேஜ் ஒப்ஷன்ஸ். கீபோட்ஸில் "யூஎஸ்" ஐ முதலில் சேருங்கோ, பிறகு "யுனைடெட் கிங்டம்" ஐ அகற்றுங்கோ. ஒன்று மட்டும் இருந்தால் அகற்ற விடாது, அதனால் இந்த ஒழுங்கு.

இரண்டும் தேவை என்றால் வின்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அடிச்சு மாறலாம். தட்டச்சுக் கடையில் வேண்டாம். வேகமாக அடிக்கேக்க கன்ட்ரோலும் ஷிஃப்டும் ஒன்றாகப் பட்டால் தானாக மாறி, ஒரு பக்கம் முழுக்கப் பிழையாய் வந்த பிறகுதான் தெரியும்.

கோட்டடித் தட்டச்சு

ஷிஃப்டோட ஷட்டவுன் குடுத்துப் பார்த்தேன், காலையில் கீபோட் உடனே எழும்பிச்சு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை எடுத்தாச்சு. கேபிளும் போட்டாச்சு, எழுத்து விடுபடுறது நிண்டுட்டுது. சூவும் வந்துட்டுது. எல்லாருக்கும் நன்றி.

ஒண்டு மட்டும் மிச்சம். உதவிக்கு வாற பிள்ளைக்கு வேற கணக்கு இருக்கு, அவவின்ர பாஸ்வேர்டில் அட் (@) அடையாளம் இருக்கு. சரியா அடிச்சும் பிழை எண்டுதான் சொல்லுது.

பாமினிப்பெட்டி

லொகின் திரைக்கு அமைப்பு தனி. உங்கள் கணக்கில் மாற்றினது அங்கே போகாது, அவவின் கணக்குக்கும் போகாது. இப்போதைக்கு: பாஸ்வேர்ட் கட்டத்தின் கடைசியில் உள்ள கண் படத்தை அமத்தி என்ன விழுகுது என்று பார்க்கச் சொல்லுங்கோ. அட் அடையாளத்தை என்டர் பக்கத்து மேற்கோள் குறி விசையில் ஷிஃப்டோட அடிச்சால் உள்ளே போகலாம்.

நிரந்தரமாக: அதே லாங்வேஜ் அண்ட் ரீஜன் பக்கத்தின் கீழே "அட்மினிஸ்ட்ரேட்டிவ் லாங்வேஜ் செட்டிங்ஸ்", அதில் "கொப்பி செட்டிங்ஸ்". "வெல்கம் ஸ்கிரீன் அண்ட் சிஸ்டம் அக்கவுன்ட்ஸ்" என்பதில் சரி போட்டு ஓகே, ரீஸ்டார்ட். பிறகு அவவின் கணக்குக்குள் போய் யூனைடெட் கிங்டம் ஐ அங்கேயும் அகற்ற வேணும்.

கொட்டியாரக்குடா

அப்டேட்டையும் ஒருக்கால் முழுதாகப் போட்டு விடுங்கோ. 2025 ஒக்டோபர் 14 அப்டேட்டுக்குப் பிறகு வின்டோஸ் 11 இன் மீட்புத் திரையில் (வின்டோஸ் ஏறாத நேரம் சரிசெய்ய வருகிற திரை) யூஎஸ்பி கீபோட், மவுஸ் இரண்டுமே வேலை செய்யாமல் போனது. ஒக்டோபர் 20 இல் திருத்தம் வந்தது, இலக்கம் கேபி 5070773. அதற்குப் பிந்தின அப்டேட் எது இருந்தாலும் போதும். மீட்புத் திரை தேவைப்படுகிற நாளில் கீபோட் இல்லாமல் நிற்கக் கூடாது.