ராம் மீன் ஜோடி முட்டை போடுது, மூணாம் நாள் காலைல கல்லு காலி

கண்ணாடித்தொட்டி:
எல்லாருக்கும் வணக்கம். புளூ ராம் மீன் ஜோடி ஒண்ணு இருக்கு, 2 அடி டேங்க், ஸ்பாஞ்ச் பில்டர், ஹீட்டர் 28ல வச்சிருக்கேன், கூட கொஞ்சம் நியான் டெட்ரா மீனும், அடியில மேயுற கோரி மீனும். ஜோடிக்குள்ள சண்டையே கிடையாது. தட்டைக் கல்லை ரெண்டும் வாயால கொத்திக் கொத்தி சுத்தம் பண்ணும், காலைல முட்டை போடும், மறுநாள் பூரா மாத்தி மாத்தி விசிறிக்கிட்டே நிக்கும், அதுக்கு அடுத்த நாள் காலைல லைட்டைப் போட்டா கல்லுல ஒண்ணுமே இல்ல. ஒவ்வொரு வாட்டியும் இதே கதைதான். பெத்ததுங்களே தின்னுடுதா? முட்டைய தனியா எடுத்துப் பொரிக்கலாமா இல்ல பொறுமையா விட்டுப் பார்க்கலாமா? ஆர்.ஓ. தண்ணியும் பைப் தண்ணியும் கலந்துதான் ஊத்துறேன், டி.டி.எஸ். (தண்ணில கரைஞ்சிருக்கற உப்பு அளவு) 250 கிட்ட நிக்குது.

மணலடி:
தின்னுடுச்சுன்னு முடிவு கட்டாதீங்க பாஸ், முதல்ல மணலைப் பாருங்க. 28, 29 டிகிரில ராம் முட்டை ரெண்டு நாள் சொச்சத்துல பொரிஞ்சிடும், நீங்க சொல்ற மூணாம் நாள் காலைங்கறது கிட்டத்தட்ட அந்த நேரம்தான். பொரியுற நேரத்துல பெத்ததுங்க முட்டை ஓட்டை வாயால மென்னு குஞ்சை எடுத்து முன்னாடியே தோண்டி வச்ச குழியில கொண்டு போய்த் துப்பும், வெளிய இருந்து பார்க்குறவனுக்கு கண்டிப்பா திங்கிற மாதிரிதான் தெரியும். குழி கல்லுக்கு ஒட்டியே இருக்கும், சில சமயம் செடி வேருக்கடியில. மேல இருந்து பார்த்தா சிக்காது, பக்கவாட்டுல சின்ன டார்ச் அடிச்சுப் பாருங்க, கண்ணாடி நூலைத் துண்டு துண்டா வெட்டிப் போட்ட மாதிரி ஒரு கொத்து, வால் மட்டும் விடாம அதிரும். டேங்க்ல மணல் இல்லாம வெறும் கூழாங்கல்லா இருந்தா குஞ்சு சந்துல இறங்கிடும், அப்புறம் தேடவே முடியாது. இன்னொண்ணு, கல்லு காலியான அப்புறம் அதுங்க நடந்துக்கறது எப்படி? டெட்ரா கிட்ட வந்தா இன்னும் துரத்துதுன்னா ஏதோ ஒண்ணைக் காவல் காக்குதுன்னு அர்த்தம். சாப்பாட்டுக்கு மேல வந்து நின்னா போச்சு.

சிக்லிட்_கிறுக்கு:
மணலடி சொன்னது சரி, ஆனா முட்டை என்ன கலர்னு யாரும் கேக்கலையே. ரெண்டாவது நாள் உத்துப் பாருங்க. சினை பிடிச்ச முட்டை கண்ணாடி மாதிரி லேசா பழுப்பா இருக்கும், உள்ள கறுப்புப் புள்ளி தெரிய ஆரம்பிக்கும். பால் வெள்ளையா ஆச்சுன்னா அது செத்த முட்டை, பங்கஸ் பிடிச்சு பக்கத்துல இருக்கறதையும் கெடுக்கும், அதனால பெத்ததுங்க பொறுக்கித் திங்குறது நல்லதுதான். முக்கால்வாசி வெள்ளையாச்சுன்னா மொத்தத்தையும் தின்னுட்டு அடுத்த வாட்டிக்கு ரெடியாகும், அதுல என்ன தப்பு.

வெள்ளையாகறதுக்கு எனக்குத் தெரிஞ்சு முதல் சந்தேகம் உங்க டி.டி.எஸ். ராம் வெனிசுலா, கொலம்பியா பக்கம் ஒரினோகோ ஆத்துச் சமவெளில இருந்து வந்தது, அங்க தண்ணி ரொம்ப மென்மையா, வெதுவெதுன்னு இருக்கும். கடினத் தண்ணில மீன் நல்லாத்தான் வாழும், முட்டையும் போடும், சினைதான் சரியா பிடிக்காது. ஆர்.ஓ.வ கூட்டி 100க்குக் கீழ கொண்டு வாங்க, ஒரே நாள்ல இல்ல, தண்ணி மாத்தும்போது கொஞ்சம் கொஞ்சமா.

ரெண்டாவது சந்தேகம், ரெண்டுமே பொம்பளையா இருக்கப் போகுது. சிரிக்காதீங்க, ரெண்டு பெண் ராம் ஜோடி சேர்ந்து முட்டை போடும், விசிறும், காவலும் காக்கும். வயிறு ரோஸ் கலர்ல இருந்தா பெண், உடம்புல இருக்கற கறுப்புப் பொட்டுக்குள்ள நீலப் பொடி மினுக்கினாலும் பெரும்பாலும் பெண். முட்டை போடுற நேரத்துல வயித்துக்கடியில வெளிய நீட்டுற சின்னக் குழாயைப் பாருங்க, பெண்ணுக்கு மொட்டையா தடிமனா, ஆணுக்கு ஊசி மாதிரி. அது போக, கலர் கூட்டறதுக்கு ஹார்மோன் போட்டு வளர்த்த மீனா இருந்தா ஆணுக்கு முட்டைய சினையாக்கற சக்தியே இருக்காது, வாங்குன கொஞ்ச நாள்ல கலர் வெளுத்துச்சான்னு யோசிச்சுப் பாருங்க.

தண்ணிப்பூச்சி:
இவ்வளவு ஆராய்ச்சி எதுக்கு ப்ரோ, கல்லோட தூக்கி தனி டப்பால வைங்க. அதே டேங்க் தண்ணி, அதே சூடு, முட்டைக்குப் பக்கத்துல ஏர் ஸ்டோன் (நேரா முட்டை மேல அடிக்கக் கூடாது), தண்ணி வெளிர் நீலமா தெரியுற அளவுக்கு மெத்திலீன் புளூ (பங்கஸ் வராம தடுக்கற நீல மருந்து). வெள்ளை முட்டைய டிராப்பரால உறிஞ்சி எடுத்துடுங்க. பொரிஞ்சதும் பாதித் தண்ணி மாத்தி நீலத்தைக் குறைங்க. நான் இப்படித்தான் பண்றேன், தைரியமா பண்ணுங்க.

அகல்_மீன்:
பொரியும், இல்லைங்கல. ஆனா பெத்தவங்க குஞ்சோட திரியுறதைப் பார்க்கறதுக்குத்தானே ராம் மாதிரி சிக்லிட் வகை மீன் வளர்க்கறோம்? அம்மா துடுப்பை வெடுக்குன்னு ஒரு ஆட்டு ஆட்டினா மொத்தக் கூட்டமும் அப்படியே மணல்ல படியும், அதை டப்பால எங்க பார்ப்பீங்க. இளம் ஜோடி முதல்ல சொதப்பும், வயசு ஏற ஏறக் கத்துக்கும். என்னைக் கேட்டா கோரியை முதல்ல வெளிய எடுங்கம்பேன். ராத்திரி இருட்டுல ராமுக்குக் கண்ணு தெரியாது, கோரி மோப்பத்துலயே வந்து முட்டைய காலி பண்ணிட்டுப் போயிடும். டேங்குக்கு வெளிய மங்கலா ஒரு லைட் ராத்திரி பூரா எரியட்டும்.

நான் வச்சிருக்கறது அபிஸ்டோ காகடுவாய்டஸ்னு இன்னொரு குட்டி சிக்லிட். அது முட்டைய குகைக்குள்ள கூரைல ஒட்டும், பெண் முழு மஞ்சளா மாறி ஆணையே கிட்ட விடாது. அதுல ஒரு வேடிக்கை, குஞ்சு ஆணா பெண்ணாங்கறதே சூட்டைப் பொறுத்தது. சூடு கூடினா ஆண் அதிகம், குறைஞ்சா பெண் அதிகம். 1996லயே ரோமர், பைசன்ஹெர்ஸ்னு ரெண்டு பேர் நிறைய அபிஸ்டோ வகைல ஆராய்ஞ்சு எழுதியிருக்காங்க. கிரிபென்சிஸ்னு இன்னொரு சிக்லிட்ல தண்ணியோட பி.எச். குறைஞ்சா, அதாவது அமிலத்தன்மை கூடினா, ஆண் அதிகம் வரும்.

கண்ணாடித்தொட்டி:
நன்றி எல்லாருக்கும். நேத்து திரும்ப முட்டை போட்டுச்சு, இப்ப பார்த்தேன், பாதிக்கு மேல கண்ணாடி மாதிரிதான் இருக்கு, ஓரத்துல கொஞ்சம் வெள்ளை. ஒண்ணு ரோஸ் வயிறு, இன்னொண்ணுக்கு இல்ல, அதனால ஜோடி ஓகேன்னு நினைக்கறேன். கோரியை மாத்திட்டேன், லைட்டும் வச்சாச்சு. பொரிஞ்சா சாப்பாடு என்ன குடுக்கறது?

மணலடி:
பொரிஞ்ச உடனே ஒண்ணும் போடாதீங்க, வயித்துல மஞ்சக்கரு இருக்கும், போட்டா அழுகி தண்ணிதான் கெடும். அதுக்கப்புறம் நாலஞ்சு நாள்ல குழிய விட்டு எழும்பி நீந்தும், அன்னிக்கே சாப்பாடு வேணும். ராம் குஞ்சு ரொம்பப் பொடிசு, முதல் ரெண்டு நாள் மைக்ரோவார்ம் (பொடிப் புழு), கூடவே புதுசா பொரிஞ்ச ஆர்ட்டீமியா (உப்புத்தண்ணி இறால் குட்டி). ஆர்ட்டீமியா முட்டைக்கு லிட்டருக்கு 25 கிராம் கிட்ட உப்பு, 27 டிகிரி, ஏர் பம்ப் நல்லா கொதிக்க விட்டா ஒரு நாள்ல பொரியும். ஏரை நிறுத்திட்டு கீழ பக்கம் டார்ச் வச்சா குட்டி வெளிச்சத்துக்கு வந்து சேரும், ஓடு மேல மிதக்கும், அடியில இருந்து டியூப்ல உறிஞ்சிக்கலாம். நல்ல தண்ணில அலசிட்டுப் போடுங்க. தின்ன குஞ்சுக்கு வயிறு ஆரஞ்சுப் புள்ளியா தெரியும், தெரியலைன்னா அதுக்கு அந்த சைஸ் வாய்க்குள்ள போகலைன்னு அர்த்தம், மைக்ரோவார்மை இன்னும் ரெண்டு நாள் ஓட்டுங்க. மைக்ரோவார்ம் வளர்க்க ஸ்டார்ட்டர் இப்பவே போட்டுடுங்க, புழு பெருகி கல்ச்சர் ஏறவே நாலஞ்சு நாள் ஆகும்.