சுகாதாரத் தகவலியலுக்குக் கிடைக்கும் ஆய்வு நிதி: எந்தச் செய்தியை நம்பி இத்துறைக்கு வரலாம்?

வாவிக்கரை (வினா)

அனைவருக்கும் வணக்கம். நான் கிழக்கு மாகாணத்து ஆதார வைத்தியசாலை ஒன்றில் வைத்திய அதிகாரியாக இருக்கிறேன். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் நடத்தும் உயிர்மருத்துவத் தகவலியல் முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன். நோர்வேயின் நிதியுதவியுடனும் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் துணையுடனும் 2009-இல் தொடங்கிய படிப்பு இது. விண்ணப்பப் படிவத்தை எடுத்து வைத்துவிட்டேன். ஆனாலும் ஒரு தயக்கம் என்னை விடவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வு மானியத்தில் எங்கள் நீரிழிவுக் கிளினிக்குக்கு ஆறு டப் கணினிகள் வந்தன. முதலாண்டில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. மானியக் காலம் முடிந்ததும் சிம் அட்டைகளுக்குப் பணம் கட்ட எவருமில்லை. மென்பொருளில் எழுந்த சிறு பிழையைத் திருத்தவும் ஆளில்லை. இன்று அந்த ஆறும் திட்டத்தின் பெயர் பொறித்த ஸ்டிக்கர் உரியாமலே மருந்து அலுமாரியின் மேல்தட்டில் கிடக்கின்றன. தாதி பழையபடி தடித்த கொப்பியில் சிவப்பு மையால் கோடு போட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்.

இத்தனை மில்லியன் நிதி கிடைத்தது, இன்ன ஆய்வு தொடங்குகிறது என்று பல்கலைக்கழகங்கள் வெளியிடும் செய்திகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மேல்தட்டுத்தான் நினைவுக்கு வருகிறது. எந்த நிதி நிலைக்கும், எது ஆறு டப் கணினிகளோடு முடிந்துவிடும் என்பதை முன்கூட்டியே கண்டுகொள்ள வழி உண்டா?

பனிச்சாரல் (மறுமொழி)

வணக்கம் டொக்டர். ஒஸ்லோவில் இத்துறையில் ஆய்வு மாணவனாக இருக்கிறேன். நீங்கள் குறிப்பிட்ட படிப்புக்குப் பின்னாலுள்ள கதையைச் சற்று விரிவாகச் சொன்னால், உங்கள் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி அதிலேயே கிடைக்கும் என்று நம்புகிறேன்.

இது 1994-இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது. நிறவெறி ஆட்சி முடிந்த வேளையில் அந்நாட்டுச் சுகாதாரத் துறை இனவாரியாகவும் நிர்வாகவாரியாகவும் துண்டுபட்டுக் கிடந்தது; ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனிப் படிவங்கள் இருந்தன. கேப்டவுன் பகுதியில் உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்களும் ஒஸ்லோவிலிருந்து சென்ற ஆய்வாளர்களும் சேர்ந்து, எந்தெந்த எண்ணிக்கைகள் உண்மையிலேயே தேவை என்று பேசி முடிவெடுத்து, அந்தச் சிறிய தரவுத் தொகுதிக்காக ஒரு மென்பொருளை எழுதினார்கள். டி.எச்.ஐ.எஸ். (மாவட்டச் சுகாதாரத் தகவல் மென்பொருள்) என்ற அதன் இணையவழி வடிவமான டி.எச்.ஐ.எஸ். 2 பின்னர் 2006-இல் வந்தது. கென்யா 2011-இல் அதை நாடு முழுவதும் இணையவழியில் நிறுவியது. இன்று 70-க்கும் மேற்பட்ட நாடுகள் அதைப் பயன்படுத்துகின்றன. உரிமக் கட்டணம் கிடையாது. மூலநிரலை எவரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் மேல்தட்டில் கிடக்கும் டப் கணினிகளைப் பற்றி இந்த ஆய்வாளர்கள் 2004-லேயே எழுதிவிட்டார்கள் என்றுகூடச் சொல்லலாம். யோர்ன் பிரா, எரிக் மொன்தெய்ரோ, சுந்தீப் சாஹே ஆகிய மூவரும் அவ்வாண்டு வெளியிட்ட கட்டுரையின் மையக் கருத்து இதுவே: ஓரிடத்தில் மட்டும் நடக்கும் முன்னோடித் திட்டம் நிதி நின்றதும் நின்றுபோகும்; பல இடங்கள் ஒன்றிடமிருந்து மற்றொன்று கற்கும் வலையமைப்பாக வளர்ந்தால்தான் அது தாக்குப்பிடிக்கும். நோர்வே அரசின் அபிவிருத்தி நிறுவனமான நோராட் இந்த வலையமைப்புக்குப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து நிதி வழங்கி வந்திருக்கிறது. அந்தப் பணத்தில் மென்பொருள் வளர்ந்ததோடு, ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் இருந்து வந்தவர்கள் முதுமாணியும் கலாநிதிப் பட்டமும் பெற்றுத் தத்தம் நாடுகளுக்குத் திரும்பினார்கள். கொழும்புப் படிப்பு அந்த வலையின் ஒரு கண்ணி.

அதன் பலன் 2020-இல் தெரிந்தது. இலங்கையில் முதலாவது கொவிட் நோயாளி ஜனவரி 27 அன்று கண்டறியப்பட்டார். அந்த நாட்களிலேயே, வெளிநாடுகளிலிருந்து வருவோரைப் பதிவுசெய்து பின்தொடர்வதற்கான தொகுதியை இலங்கைக் குழு டி.எச்.ஐ.எஸ். 2-இல் அமைக்கத் தொடங்கிவிட்டது. வெளிநாட்டு ஆலோசகருக்காக எவரும் காத்திருக்கவில்லை. இப்படிப்பில் தேறிய வைத்தியர்கள் கொழும்பிலேயே இருந்தார்கள். அமைச்சில் யாரிடம் பேச வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அந்த அமைப்பைப் பார்த்து மற்ற நாடுகள் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டன. நோர்வேயின் நகராட்சிகளும் தொற்றாளர்களுடன் பழகியவர்களைக் கண்டறிய அதே மென்பொருளில் அமைந்த கருவியைப் பயன்படுத்தின. நோர்வே பல ஆண்டுகளாகக் கொடுத்த உதவி, நெருக்கடி வேளையில் அதன் சொந்த வாசலுக்கே திரும்பி வந்தது. இங்கே அதைக் கண்ணால் கண்ட தமிழர்களில் நானும் ஒருவன். இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது.

எனவே, நிதிச் செய்தியில் தொகையைப் பார்ப்பதற்கு முன், எத்தனை பேரைப் படிக்க வைக்கிறார்கள், அவர்கள் எங்கே பணியாற்றப் போகிறார்கள் என்று பாருங்கள்.

பதிவேடு (மறுமொழி)

பனிச்சாரல் சொன்னவை அனைத்தும் உண்மை. ஆனால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஒன்றில் தரவு வேலையைக் கவனிப்பவள் என்ற முறையில், அந்தக் கதையில் விடுபட்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

தாய்சேய் நலத் தரவுகளுக்காகக் குடும்ப சுகாதாரப் பணியகம் நடத்தும் அமைப்பும் டி.எச்.ஐ.எஸ். 2-இல்தான் இயங்குகிறது. எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் பகலில் வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிப் பதிவேட்டையும் பிள்ளையின் வளர்ச்சி அட்டையையும் கையால் நிரப்புகிறார். மாத முடிவில் அவற்றைக் கூட்டி மாதாந்த அறிக்கை எழுதுகிறார். பின்னர் அதே எண்கள் பணிமனைக் கணினியில் ஏறுகின்றன. ஒரே பிறப்பு மூன்று இடங்களில் பதிவாகிறது. புதிய தொகுதி அமைக்க மானியம் கிடைக்கிறது. பழைய பதிவேட்டை நிறுத்தலாமா என்று ஆராய்ந்து, பொறுப்பேற்று, சுற்றறிக்கை வெளியிட வைக்கும் வேலைக்கு எவரும் மானியம் கொடுத்து நான் பார்த்ததில்லை.

இதற்காகக் காகிதத்தைத் தூக்கி எறியச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். 2022-இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது எங்களைக் காப்பாற்றியது அந்தக் கொப்பிதான்.

டொக்டர், என்னுடைய அளவுகோல் ஒன்றே: ஆளணி, அதாவது அரசு அங்கீகரித்த பதவிகள். திட்டம் முடியும் முன் அந்த வேலைக்கு அமைச்சின் ஆளணியில் ஓர் இடம் உருவாகிறதா, இல்லையா? சேர்வர் கட்டணமும் இணையக் கட்டணமும் மாகாணத்தின் வருடாந்த வரவுசெலவு மதிப்பீட்டுக்குள் வந்துவிட்டனவா? இவை வராத வரைக்கும் அது மானியத்தின் சொத்து, எங்களுடையது அன்று.

மேலைக்காற்று (மறுமொழி)

பணக்கார நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கவலைக்கு அப்பாற்பட்டவை என்று எண்ணிவிட வேண்டாம் என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். அமெரிக்காவில் இத்துறையின் ஆய்வுப் பயிற்சிக்குத் தேசிய மருத்துவ நூலகம் நெடுங்காலமாக மானியம் வழங்கி வருகிறது. அந்நூலகம் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஓர் அங்கம். 2025 பெப்ரவரி 7 அன்று, தாம் வழங்கும் மானியங்களின் மறைமுகச் செலவுக்கு, நேரடி ஆய்வுச் செலவின் 15 சதவீதமே தரப்படும் என்று அந்நிறுவனங்கள் அறிவித்தன. மறைமுகச் செலவு என்றால் கட்டடம், மின்சாரம், கணக்கு எழுதுபவர் சம்பளம், தரவுப் பாதுகாப்பு போன்றவை. பல பல்கலைக்கழகங்கள் 50 சதவீதத்துக்கும் மேல் பெற்றுவந்ததால் ஒரே நாளில் பெரும் கலக்கம் உண்டாயிற்று. நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது.

அதே ஆண்டு ஜனவரி 20 அன்று அமெரிக்காவின் வெளிநாட்டு உதவிகள் 90 நாட்களுக்கு நிறுத்திவைக்கப்பட்டன, அந்த உதவிகளை வழங்கிவந்த அரசு நிறுவனமான யூ.எஸ்.எய்ட் ஜூலை 1-உடன் தன் உதவிப் பணிகளை முடித்துக்கொண்டது. எச்.ஐ.வி. சிகிச்சைக்கான அமெரிக்க அரசின் பெப்ஃபார் திட்டத்தின் தரவுத் தளமும் டி.எச்.ஐ.எஸ். 2-இல் அமைந்ததுதான். மூலநிரல் எல்லாருக்கும் பொதுவாக இருந்தபோதிலும், அந்தத் தளத்தை நடத்தும் பணம் ஒரே கையில் இருந்தது. பதிவேடு அவர்களின் அளவுகோலோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்: எத்தனை கைகளிலிருந்து பணம் வருகிறது என்பதையும் கேளுங்கள்.

வாவிக்கரை (வினா எழுப்பியவர்)

மூவருக்கும் நன்றி. நேற்று கிளினிக் முடிந்தபின் அந்தத் தாதியிடம், டப் கணினிகள் திரும்ப வந்தால் ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்டேன். “அப்படியென்றால் கொப்பியை எழுத வேண்டாம் என்று முதலில் கடிதம் தாங்கோ, டொக்டர்” என்றார். பதிவேடு அவர்கள் எழுதியதும் ஏறக்குறைய இதுவே.

விண்ணப்பத்தை இவ்வாரம் அனுப்புகிறேன். ஆய்வுத் தலைப்பாக, ஒரு பதிவேட்டை நிறுத்துவதற்கு எந்தெந்த ஒப்புதல்கள் தேவை, ஒவ்வொன்றும் எங்கே தேங்கி நிற்கிறது என்பதை எடுத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். இதை ஆய்வாக ஏற்பார்களா என்பதைப் பனிச்சாரல் அவர்கள் சொல்ல முடியுமா? பதிவேடு அவர்களே, உங்கள் பணிமனையில் ஒரு மாத முடிவில் வந்து உடனிருந்து பார்க்க அனுமதி கிடைக்குமா?